சொரிமுத்துவின் கீபோர்டு

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், பஸ் சத்தம் ஓயாத சாலை ஒன்றில், இரண்டாவது மாடியில் ஒரு மென்பொருள் அலுவலகம். அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் வேலை பார்த்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தேழு.

குருவின் பெயர் பூங்கோதை. சீடரின் பெயர் சொரிமுத்து. வயதில் மூத்தவர் என்பதால் பூங்கோதை அவரை அண்ணாச்சி என்பார். தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் சொரிமுத்து அவரை டீச்சர் என்பார். ஆரம்பத்தில் கேலிக்குச் சொன்னது, பதினோரு வருஷத்தில் நிஜமாகிவிட்டது.

சொரிமுத்து டீச்சரிடம் கற்றது ஒரு பழைய எடிட்டர். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதுவது, திருத்துவது, சேமிப்பது எல்லாம் எடிட்டரில்தான். இந்தப் பழைய எடிட்டரில் மவுசுக்கு வேலையில்லை. பட்டன் கிடையாது, மெனு கிடையாது. கறுப்பாக ஒரு திரை, அதில் எழுத்து, அவ்வளவுதான். ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. ஒன்றைத் தட்டினால் வரி அழியும், இன்னொன்றைத் தட்டினால் அழிந்த வரி திரும்ப வரும். அலுவலகத்தில் அதற்குக் கறுப்புத் திரை என்றே பெயர்.

சொரிமுத்து அதற்கு முன் பதினைந்து வருஷம் கோர்ட்டு வாசலில் மனு டைப் அடித்துக் கொடுத்தவர். பழகிய விரல்கள். கறுப்புத் திரை கைவந்ததும் மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டளையாகத் தன் வசதிக்கு இடம் மாற்றினார். பிறகு எழுத்துகளையே இடம் மாற்றினார். அவருடைய கீபோர்டில் விசையின் மேல் அச்சடித்திருப்பது ஒன்று, தட்டினால் வருவது ஒன்று. சுண்டுவிரல் நகரும் தூரத்தில்கூட அரை அங்குலம் மிச்சம் பிடித்திருந்தார். இந்த மாற்றங்களை எழுதி வைத்த கோப்பு மட்டும் இரண்டாயிரம் வரி இருந்தது.

"மத்தவன் மவுசைத் தேடி எடுக்கதுக்குள்ள நான் வேலைய முடிச்சிட்டு டீ குடிச்சிருவேன்" என்பார். அது பொய்யும் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலை, பூங்கோதையின் கம்ப்யூட்டரில் புது எடிட்டர் திறந்திருந்தது. இடது ஓரத்தில் கோப்புகளின் பட்டியல். நடுவில் நாலைந்து வண்ணத்தில் எழுத்து. தப்பாக அடித்த இடத்தில் சிவப்புக் கோடு. டீச்சரின் வலது கை மவுசின் மேல் இருந்தது.

சொரிமுத்து தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஒரு தடவை பார்த்தார். திரும்பி வருகிற சாக்கில் இன்னொரு தடவை பார்த்தார்.

"டீச்சர், கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

"இல்லையே."

"பின்ன இது?"

"மாறிட்டேன், அண்ணாச்சி."

"எதுக்கு?"

"சொல்லுதேன். இப்பம் வேலை கிடக்கு."

அந்த 'சொல்லுதேன்' அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அன்றைக்கு ஏழு தடவை எழுந்து போய் டீ குடித்தார். வீட்டில் சாப்பிடும்போது காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். "மேஜை ஆடுது, காலை நிப்பாட்டுங்க" என்றாள் மனைவி இசக்கியம்மாள். நிறுத்தினார். விரல்கள் தட்டோரத்தில் தாளம் போட ஆரம்பித்தன.

டீச்சரே மாறிவிட்டார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அவரும் புது எடிட்டரைத் திறந்து உட்கார்ந்தார்.

கறுப்புத் திரையில் எழுதினதைச் சேமிக்க, முதலில் கோலன் அடித்து, பிறகு டபிள்யூ அடிக்க வேண்டும். அவர் மாற்றாமல் விட்ட கட்டளை இது ஒன்றுதான். பதினோரு வருஷமாகத் தினமும் பத்துத் தடவை அடித்த விரல், சும்மா இருக்குமா? இங்கேயும் அடித்தது. புது எடிட்டருக்கு அது கட்டளை இல்லை, வெறும் எழுத்து. அன்று மாலை அவர் அனுப்பிய கோப்பில் பதினோரு இடத்தில் கோலன் டபிள்யூ உட்கார்ந்திருந்தது. புரோகிராம் ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, மச்சினனுக்கு அனுப்பிய மெயிலிலும் 'சரி, வாரேன்' என்பதற்குக் கீழே அதையே அடித்து வைத்திருந்தார். "அதென்ன மாப்ள, புதுக் கையெழுத்தா?" என்று மச்சினன் போன் போட்டுக் கேட்டார்.

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பாத்திமா மட்டும் சிரிக்கவில்லை. சொரிமுத்துவுக்குப் பக்கத்து மேஜைக்காரி. செய்யதலி பாத்திமா என்பது முழுப் பெயர். மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள், ஆறு வருஷ அனுபவம். அந்தப் பதினொன்றையும் அவள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினாள்.

சிரித்தவர்கள்மேல் வராத கோபம் அவருக்கு அவள்மேல் வந்தது. ஒரு மாதமாகவே அவளோடு சரியாகப் பேசுவதில்லை. காரணம் இருந்தது. அதை அவரே சொல்வார்.

புதன்கிழமை, அலுவலகப் பொறுப்பில் இருந்த பூங்கோதை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து எல்லாரும் இந்தப் புது எடிட்டர்தான். வந்தது வந்தபடி இருக்கணும். ஒரு விசையக்கூட யாரும் மாத்தக்கூடாது."

சொரிமுத்து தன் கீபோர்டைப் பார்த்தார். முப்பத்தாறு வயதில் இந்த அலுவலகத்துக்கு வந்தபோது இங்கே எல்லோரையும்விட மெதுவாக வேலை செய்தவர் அவர்தான். இருபத்திரண்டு வயதுக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்ததை ஒரு நாள் முழுக்கச் செய்தார். அந்த அவமானத்தைக் கறுப்புத் திரைதான் துடைத்தது. இப்போது நாற்பத்தேழு வயதில் மறுபடியும் முதல் வகுப்பா? அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தை வெளியே காட்டத் தெரியாததால் கோபப்பட்டார்.

வியாழக்கிழமை ராஜினாமாக் கடிதம் அடித்தார். கறுப்புத் திரையில்தான். நாற்பது விநாடி ஆனது.

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூங்கோதையின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"உட்காருங்க, அண்ணாச்சி."

"இல்ல, நிக்கேன்."

"சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க."

"நீங்க ஏன் மாறினீங்க? அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா இந்தக் கடிதாசிய வாங்கிக்கிடுங்க."

பூங்கோதை கடிதத்தைப் பார்த்தார். வாங்கவில்லை.

"புது எடிட்டர்ல என்ன குறை, அண்ணாச்சி?"

"மெதுவு. மவுசைத் தொடணும், நகத்தணும், அமுக்கணும். கைய எடுத்துக் கைய வைக்கதுக்குள்ள யோசிச்சது மறந்து போகுது. இது பச்சப்புள்ள ஓட்டுத மூணு சக்கர சைக்கிள், டீச்சர். நீங்க இதுல ஏறி உட்கார்ந்திருக்கத பாக்க எனக்குச் சகிக்கல."

"வேகந்தான் வேணுமா?"

"வேகம் வேண்டாமா? போன மாசம் டயாலிசிஸ் விஷயத்துல என்ன ஆச்சு? வேகம் இருந்ததாலதான மானம் பொழைச்சது?"

அந்தச் சம்பவத்தை அலுவலகத்தில் அவர் பலமுறை சொல்லியாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் பட்டியல் போடும் புரோகிராமை இவர்கள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த நோயாளி, எந்த நேரம், எந்த மிஷின், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதில் ஒரு மாற்றத்தைச் சொரிமுத்து எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பாதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். மீதிப் பாதி, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் சேமிக்காமல், அவர் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் திறந்தபடியே இருந்தது. மறுநாள் திருச்செந்தூரில் மச்சினன் பேத்திக்குக் காதுகுத்து. கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பட்டியல் தாறுமாறாக வந்தது. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவருடைய அளவு. நர்சுகள் யாருக்கும் ஊசி குத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சரிதான். பழைய புரோகிராமுக்குத் திரும்பவும் வழியில்லை, அனுப்பிய பாதி நோயாளிகளின் கணக்கை ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தது. சொரிமுத்து எழுதிய மீதிப் பாதி வந்தாக வேண்டும்.

"பாத்திமா போன் போட்டுச்சு" என்றார் சொரிமுத்து. "ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு என் சீட்டுக்கிட்ட நின்னு பேசுது. கடைசி நாலு வரி சேர்த்து, சேமிச்சு, அனுப்பணும். இதான் வேலை. அரை மணி நேரம் போன்ல கத்துறேன், அதுக்கு ஏறல. சரின்னு காதுகுத்த விட்டுட்டு பஸ்ஸப் புடிச்சேன். வந்து பாத்தா இருவது வரிய வேற அழிச்சு வச்சிருக்கு. அதையும் மீட்டு, நாலு வரியும் போட்டு, அனுப்பி, எல்லாம் எவ்வளவு நேரம் தெரியுமா? அரை நிமிஷம்."

"ஆஸ்பத்திரி பெஞ்சுல அன்னைக்கு எத்தன பேரு இருந்தாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தொரு பேரு. எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"மூணரை மணி நேரம் இருக்கும். பஸ்ஸு வர வேண்டாமா?"

பூங்கோதை எழுந்தார்.

"வாங்க, உங்க சீட்டுக்குப் போவோம்."

சொரிமுத்துவின் மேஜைக்குப் போனார்கள். கறுப்புத் திரை திறந்திருந்தது. பூங்கோதை பாத்திமாவைக் கூப்பிட்டு அவருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். பாத்திமா தயங்கினாள். பிறகு நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பட்டியல்ல நோயாளி பேருக்கு முன்னாடி இனிஷியல் விட்டுப்போகுதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாங்க. எத்தன வரி வேலை?"

"ரெண்டு வரி."

"பாத்திமாவுக்குச் சொல்லுங்க. அது அடிக்கட்டும். நீங்க கையக் கட்டிக்கிடுங்க."

"இதுக்கு எதுக்கு டீச்சர்..."

"கை."

சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல அந்த ஃபைலத் திற" என்றார்.

"எப்படிண்ணே?"

"ஸ்பேஸ் அடி. அடிச்சிட்டு..."

நின்றுவிட்டார். ஸ்பேஸுக்குப் பிறகு எது? தெரியும். தினமும் நூறு தடவை அடிப்பது. ஆனால் வாய்க்கு வரவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்து, மேஜை ஓரத்தில் கீபோர்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தார். மோதிர விரல் மடங்கி மேலே போனது.

"மோதிர விரல்" என்றார்.

"எந்த விசைண்ணே?"

"மோதிர விரல் மேல் வரிசைக்குப் போகும்லா, அது."

"என் மோதிர விரல் வேற விசைக்குல்லா போகுது."

"அதுக்கு எடதுபக்கம் உள்ளதத் தட்டு."

பாத்திமா தட்டினாள். திரை குதித்தது. ஏதோ ஒரு வரியைக் காணோம்.

"அழிச்சிட்டியே. திரும்பக் கொண்டா."

"எதத் தட்டணும்?"

சொரிமுத்து மறுபடியும் மேஜையைத் தட்டிப் பார்த்தார். இந்தத் தடவை இடது கை. நடுவிரலா, ஆள்காட்டி விரலா? வேகமாகத் தட்டினால் விரல் தானாகப் போகிறது; எது என்று பார்ப்பதற்காக மெதுவாகத் தட்டினால் போகாமல் நிற்கிறது. அவருக்கே வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேடிக்கை போய் எரிச்சல் வந்தது. நெற்றியில் வியர்த்தது. மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"நடுவிரல். அதுல என்ன எழுதியிருக்கோ அது வராது, பாத்துக்கோ. நீ எழுத்தப் பாக்காத."

"எழுத்தப் பாக்காம எப்படிண்ணே கண்டுபிடிக்க?"

"எந்திரி. நான் அடிக்கேன்."

"கை, அண்ணாச்சி" என்றார் பூங்கோதை.

இருபது நிமிஷம் ஆனது. இரண்டு வரியில் ஒரு வரிகூட முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் திரையைப் பார்ப்பதுபோல் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொரிமுத்துவுக்கு அங்கேயிருந்து ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

"இது என்ன ஞாயம், டீச்சர்?" என்றார். "பாத்திமா கறுப்புத் திரை படிக்கல. படிக்காத ஆள உட்கார வச்சு, வரல வரலன்னா எப்படி? தப்பு எடிட்டர்லயா, ஆள்லயா?"

பாத்திமா வாயைத் திறந்தாள். பூங்கோதையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நான் வேணும்னா இதுக்குச் சொல்லிக்குடுக்கேன்" என்றார் சொரிமுத்து. "ஒரு வருஷம் குடுங்க."

"என்ன சொல்லிக்குடுப்பீங்க?"

"கறுப்புத் திரைதான்."

"எந்தக் கறுப்புத் திரை? நான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததா, நீங்க மாத்தி வச்சிருக்கதா?"

"எல்லாம் ஒண்ணுதான், டீச்சர். அடிப்படை தெரிஞ்சவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. வேணும்னா நீங்க உட்காருங்க. எனக்கு அரிச்சுவடி சொல்லிக்குடுத்ததே நீங்கதான. நான் சொல்லவே வேண்டாம். நீங்க உட்கார்ந்தா ரெண்டு நிமிஷம்."

பாத்திமா சட்டென்று எழுந்து நாற்காலியை விட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. பூங்கோதை உட்காரவில்லை.

"உட்கார்ந்து பாத்துட்டேன், அண்ணாச்சி."

"எப்பம்?"

"அந்தச் சனிக்கிழமை."

சொரிமுத்துவுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு நீங்க தென்காசிக்கில்லா போயிருந்தீங்க?"

"பஸ் ஏறப் போனேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குத்தான் மொதல்ல போன் வந்துச்சு. நேரா இங்க வந்துட்டேன். பாத்திமா அப்பந்தான் வந்திருந்துச்சு. அத ஒதுங்கச் சொல்லிட்டு நான் உட்கார்ந்தேன். கறுப்புத் திரைதான, எனக்குத் தெரியாததான்னு ஒரு மெதப்பு. மூணு விசை அடிச்சேன். பதினாலு வரி போயிட்டு. அத மீட்கதுக்கு ஒண்ண அடிச்சேன். இன்னும் ஆறு போயிட்டு. அதுக்குப் பிறகு தொட எனக்குத் தைரியம் இல்ல. அப்புறம்தான் பாத்திமாவ உங்களுக்குப் போன் போடச் சொன்னேன்."

சொரிமுத்து பாத்திமாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருபது வரிக்காக அவளிடம் ஒரு மாதம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"நான் வரும்போது நீங்க இங்க இல்லையே" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்லா. ரெண்டு பேருக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு, ஒருத்தருக்கு மூச்சு வாங்குது. எப்பம் சரியாகும்னு கேக்காங்க. பஸ் வந்ததும் சரியாகும்னு நான் எப்படிச் சொல்ல?"

கீழே சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சாயங்காலம் இங்க திரும்பி வந்தேன்" என்றார் பூங்கோதை. "பாத்திமாவ என் சீட்டுல உட்கார வச்சேன். நான் கையக் கட்டிக்கிட்டேன். இப்பம் நீங்க நின்னீங்களே, அதே மாதிரிதான் நானும் நின்னேன். அதுக்கு ஒரு வரி சொல்ல முடியல என்னால. அன்னைக்கே மாத்திறணும்னு முடிவு பண்ணிட்டேன். என் கை இதுக்குப் பழக ஒரு மாசம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லாம, வீட்டுல வச்சுப் பழகினேன்."

"பாத்திமா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நான்தான் சொல்லாதன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, அண்ணாச்சி. திங்கட்கிழமை நீங்க கேட்டப்பகூட வாய் வரல."

சொரிமுத்துவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. திருச்செந்தூர் மண்டபத்து வாசலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு மேல் போனில் கத்தியது அவருக்கு நினைவு வந்தது. பாத்திமாவிடம் என்ன கத்தினார் என்பதும் நினைவு வந்தது.

"டீச்சர், அன்னைக்கு நான் போன்ல..." என்று ஆரம்பித்தார்.

பூங்கோதை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"'டீச்சர் மட்டும் அங்க இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க'ன்னு பாத்திமாவ ஏசுனீங்க, அண்ணாச்சி. அப்பம் நான் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன்."